அக்ராவிலிருந்து நைரோபி ரெண்டு மணி நேரம்

ஜெரால்டுக்கு ஆப்பிரிக்கா மொத்தமும் தெரியும். அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். கவரப்பேட்டைப் பக்கம் அதை மறுத்துச் சொல்ல ஆளில்லாததால் அது உண்மையாகவும் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வருஷக்கணக்காக கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருந்தவன். நிரந்தரம் செய்கிறோம் என்று மில்காரர்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஸ்வீட் பாக்ஸோடு சேர்த்துச் சொல்வார்கள். ஸ்வீட் பாக்ஸ் மட்டும் ஒழுங்காக வரும். கடைசியில், மில்லை விட்டுப்போன பழைய மேனேஜர் ஒருவர் கானா நாட்டில் வேலைக்குச் சேர்ந்து அவனையும் கூப்பிட்டுக்கொண்டார். தலைநகரம் அக்ராவுக்குப் பக்கத்தில் தேமா என்று ஒரு துறைமுக ஊர். அங்கேயும் ரோலிங் மில்தான். அதே சூடு, அதே சத்தம், அதே கம்பி. கடல் கடந்து போனதில் மாறியது சம்பளமும், மனைவி சோனியா கட்டிக்கொடுக்கும் மாங்காய் ஊறுகாயின் மதிப்பும்தான்.

அங்கே அவன் பார்த்த ஆப்பிரிக்கா என்பது மில், மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்த குவார்ட்டர்ஸ், ஞாயிற்றுக்கிழமை சர்ச், சர்ச்சுக்கு எதிரே மீன் மார்க்கெட். இது சோனியாவுக்கு மட்டும் தெரியும். வீடியோவில் எப்போது கூப்பிட்டாலும் அவன் தலைக்குப் பின்னால் அதே பச்சைச் சுவர். அதனால் லீவில் வந்தவன் டீக்கடையில் உட்கார்ந்து, "யானை ரோட்ட மறிச்சுக்கினு நின்னுது மச்சான், நகரவே மாட்டேன்னுது" என்று ஆரம்பித்தால் அவள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். அவன் வாழ்க்கையில் நேரில் கண்ட ஒரே யானை வண்டலூரில் இருந்தது. அதுவும் அன்றைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நைஜீரியா, காங்கோ, கென்யா எல்லாம் நம்ம சைடுதான்" என்று டீக்கடையில் சொன்னது துளசிராமன் காதுக்குப் போனது. அங்கேதான் பிரச்சனை தொடங்கியது.

துளசிராமனுக்கு ஊரில் நெல் நிலம் நிறைய. சிப்காட் வந்து சுற்றி எல்லாரும் விற்றபோதும் விற்காதவர் என்று பேர். ஜெரால்டின் அப்பா தேசப்பன் அந்த நிலத்துச் சேற்றில்தான் தன் காலத்தைக் கழித்தார். தேசப்பன் செத்தபோது துளசிராமன் மாலை கொடுத்தனுப்பினார். நேரில் வரமுடியவில்லை, முட்டி வலி. ஊரின் மற்ற எல்லாத் தெருவுக்கும் நடந்து போகிற முட்டிக்கு காலனிக்குள் நுழையும்போது மட்டும் வலி வரும்.

அந்த முட்டியோடு அவர் வெள்ளை பொலேரோவில் காலனிக்குள் வந்து, ஜெரால்டின் வீட்டு வாசலில் இறங்கினார். பார்க்க ஒரு கூட்டமே கூடிவிட்டது.

"இன்னா தம்பி ஜெரால்டு, நல்லா கீறியா?"

தம்பி என்பது புதுசு. அதுவரை அவன் 'தேசப்பன் பையன்'தான். சோனியா பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு தரம் துடைத்துப் போட்டு, "டீ போடட்டுங்களா?" என்றாள்.

"வேணாம்மா. சுகரு."

பிறகு கடையிலிருந்து வாங்கி வந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலை, மூடியைத் தன் கையாலேயே திருகித் திறந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். டீயில் போடுகிற சர்க்கரைதான் அவருக்கு ஆகாது போலிருக்கிறது. காலனியில் அந்த வியாதியை எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் ஆச்சரியப்படவில்லை.

விஷயம் இதுதான். அவர் மகள் நந்தினிக்கு வரன் வந்திருக்கிறது. பையன் பேர் அன்புசெல்வன். குடும்பம் திருநின்றவூரில் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறது. அப்பா அம்மா தங்கமானவர்கள், ஜாதகம் அமோகம். பையன் மட்டும் நைரோபியில் வேலை பார்க்கிறான், கல்யாணத்துக்குத்தான் வருவானாம். ஃபோட்டோவில் நன்றாக இருக்கிறான். ஆனால் ஃபோட்டோவை நம்பி யாராவது பெண் கொடுப்பார்களா?

"அதான் நம்ம ஆளே அங்க கீறியேன்னு வந்தேன்" என்றார். நம்ம ஆள் என்பதும் புதுசுதான். மடித்து வைத்திருந்த உலகப் படத்தை நாற்காலிக் கைப்பிடியில் விரித்தார். "இதான உங்க அக்ரா? இதான நைரோபி? பாரு, கட்டைவெரல் வெச்சா ரெண்டும் மறைஞ்சிடுது. ஒரு எட்டு போய் அந்தப் பையனைப் பாத்துட்டு வந்து சொல்லேன்."

ஜெரால்டு அந்தக் கட்டைவிரலைப் பார்த்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் காலனியே பொலேரோவைச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நைரோபியா? பக்கம்தான் சார். அடிக்கடி போவேன்."

"எம்மா நேரம் ஆவும்?"

ஏதாவது ஒரு நேரம் சொல்ல வேண்டியிருந்தது. தொலைவு என்றால் அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் பெரியபாளையம் வழியாக பஸ் மாறிப்போனது.

"ரெண்டு மணி நேரம் சார்."

"அவ்ளோதானா!" துளசிராமன் படத்தை மடித்தார். "பஸ் சார்ஜ் இன்னா ஆச்சோ வாங்கிக்க."

தேமாவுக்குத் திரும்பிய அன்றே ஜெரால்டு கட்டிலில் படுத்தபடி ஃபோனில் தேடினான். அக்ராவிலிருந்து நைரோபிக்கு விமானம் போகிற வழியில் நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர் என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டோமோ என்று எழுத்துக்கூட்டித் திரும்ப அடித்தான். அது மாறவில்லை. நேர் விமானம் கிடைத்தாலே ஐந்தரை மணி நேரம். கிடைக்காவிட்டால் நடுவில் வேறொரு நாட்டில் இறங்கி மாற வேண்டும், நாள் முழுக்கப் போய்விடும். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறந்துபோய்த் திரும்பி வந்தாலும் இவ்வளவு தூரம் ஆகாது. துபாய்கூட சென்னைக்கு இதைவிடப் பக்கம். துளசிராமனின் கட்டைவிரலுக்கு அடியில் ஐந்தாறு நாடுகள் நசுங்கிக் கிடந்தன.

வேறு வழியில்லாமல் அன்புசெல்வனுக்கே ஃபோன் செய்தான். எடுத்தவன் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, உங்களுக்காவது மாப்ள பாக்கச் சொன்னாங்க. எங்க பெரியப்பா ஜோகன்னஸ்பர்க்ல கீற அவரு மச்சானுக்கு கருவாடு குடுத்துட்டு வான்னு என்கிட்ட குடுத்தனுப்பிச்சாரு. நாலு மணி நேரம் ஃப்ளைட்டு. கருவாடு இன்னும் எங்க ஃப்ரிட்ஜுலதான் கீது."

"இப்ப நான் இன்னா சொல்றது?"

"வீடியோவ ஆன் பண்ணுங்க. பாத்துட்டீங்களா? பாத்தாச்சுன்னு சொல்லிடுங்க. பொய் இல்லியே."

ஜெரால்டும் அப்படியே சொன்னான். பையனைப் பார்த்துவிட்டேன், நல்ல பையன், பிளாஸ்டிக் பக்கெட் செய்கிற கம்பெனியில் கணக்குப் பிரிவு, மரியாதையாகப் பேசுகிறான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தான்.

துளசிராமன் அப்படி முடிக்கிற ஆள் இல்லை. ரெண்டு மணி நேரத்தில் போகக்கூடிய ஊருக்கு ஏன் ஒரே தரம் போகவேண்டும்? அடுத்த வாரம் சொல்லாமல்கொள்ளாமல் போய்ப் பார்க்கச் சொன்னார். அதற்கடுத்த வாரம் கூட்டாளிகள் எப்படி என்று பார்க்கச் சொன்னார். தண்ணீர் வசதி, சமையலறை அகலம், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை. ஜெரால்டு சனிக்கிழமை அன்புசெல்வனிடம் கேட்டுக்கொள்வான், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவந்த மாதிரி ஒப்பிப்பான். சர்ச்சுக்குப் போன களைப்பை நைரோபி போன களைப்பாகப் பேச அவனுக்கு வெகு சீக்கிரம் பழகிவிட்டது.

துளசிராமனும் சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டில், கூட்டுறவு சொசைட்டியில், சலூனில் எல்லாம், "நம்ம ஜெரால்டு வாராவாரம் போய்ப் பாக்கறான், ரெண்டு மணி நேரம்தான்" என்று சொன்னார். போன மாசம் வரை அவன் பெயரையே சொல்லாதவர். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஆகவே வேறு இரண்டு பேர், ஒருவர் தன் சொந்தக்காரன் காங்கோவில் பேசாமல் கிடக்கிறான் என்றும், இன்னொருவர் தன் மருமகன் லுசாகா என்கிற ஊரில் குடிக்கிறானாம் என்றும் சொல்லி, ஜெரால்டின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

நந்தினிதான் கண்டுபிடித்தாள். சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவள் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். மயிரிழை பிசகினாலும் எடுத்துத் தனியே போடுவதுதான் அவளுக்கு வேலை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெரால்டைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் நந்தினி பேசறேன். துளசிராமன் பொண்ணு."

அந்த வீட்டிலிருந்து அவனை அண்ணா என்ற முதல் ஆள். ஜெரால்டு கட்டிலிலிருந்து எழுந்து நின்றே பேசினான்.

"போக அஞ்சரை மணி நேரம், வர அஞ்சரை மணி நேரம். போன ஞாயிறு காலைல நீங்க சர்ச்சுல பாடற ஸ்டேட்டஸ் போட்டீங்க. சாயங்காலம் மீன் வறுக்கற ஸ்டேட்டஸ். நடுவுல நைரோபி போய் சாப்ட்டுட்டு வந்தீங்களா?"

"அது... ஃபாஸ்ட் ஃப்ளைட்டுமா."

"அண்ணா."

ஜெரால்டு மறுபடி கட்டிலில் உட்கார்ந்தான்.

"பயப்படாதீங்க, அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா உங்கள வுட்டுட்டு வேற ஆளப் புடிப்பாரு. சோமாலியாவுல யாரோ இருக்காங்களாம், அதுவும் பக்கம்தானாம். ஆனா ஒரு தரம் நெஜமா போய்ட்டு வாங்கண்ணா. அவரு என்கூட ஃபோன்ல பேசறாரு. நல்லாதான் பேசறாரு. ஃபோன்ல எல்லாரும் நல்லாதான் பேசறாங்க. நீங்ககூட எங்கப்பாகிட்ட நல்லாதான் பேசினீங்க. நான் போய் அங்க வாழணும். ஒருத்தராவது கண்ணால பாத்துட்டு சொன்னா பரவால்ல."

அவள் திட்டியிருந்தால் ஜெரால்டுக்குச் சமாளிக்கத் தெரியும். திட்டு வாங்கி வளர்ந்தவன். இப்படிக் கேட்டதில் அவனுக்கு அன்று மீன் இறங்கவில்லை.

அடுத்த லீவுக்கு மில் எடுத்துக்கொடுக்கும் டிக்கெட் வழக்கமாகத் துபாய் வழி. அதை நைரோபி, மும்பை வழியாக மாற்றிக்கேட்டான். ஆபீஸ்காரர் ஏன் என்றார். "மாப்ள பாக்க" என்றான். உன் பெண்ணுக்கா என்றார். இல்லை, எங்க ஐயா வீட்டுப் பெண்ணுக்கு என்று சொல்ல வாயெடுத்து, "தங்கச்சிக்கு" என்று முடித்தான்.

விமானம் மத்தியானம் கிளம்பியது. பக்கத்து சீட்டில் துணி வியாபாரம் செய்கிற ஒரு அக்ராக்காரம்மா. அவளும் நைரோபிக்கு முதல் தரம். சாப்பாடு வந்தது, சாப்பிட்டான். ஒரு தூக்கம் போட்டு எழுந்தான். மேகம் விலகிய இடத்தில் எட்டிப் பார்த்தால் கீழே காடு. மறுபடி தூங்கி எழுந்தான். அப்போதும் காடு. தனக்கு மொத்தமும் தெரிந்த ஆப்பிரிக்கா இவ்வளவு நேரமாகத் தன்னைக் கேட்காமலே நீண்டுகொண்டு போவது அவனுக்கு அநியாயமாகப் பட்டது.

"நீ இந்தியாவா?" என்று அந்தம்மா ஆங்கிலத்தில் கேட்டாள். "எங்க சித்தி பையன் மும்பையில் படிக்கிறான். க்வாமே என்று பேர். உனக்குத் தெரியுமா? உங்க ஊருக்குப் பக்கம்தானே?"

ஜெரால்டு தன் கட்டைவிரலைப் பார்த்தான். "பக்கம்தான்" என்றான்.

"எப்போதாவது போய்ப் பார்த்தால் ஒழுங்காகப் படிக்கச் சொல்."

"சொல்றேம்மா."

இறங்கும்போது வெயில் போயிருந்தது. அது ஜூலை மாசம். ஆப்பிரிக்கா என்றால் கொளுத்தும் என்று கவரப்பேட்டை முழுக்கச் சொல்லிவைத்திருந்த ஜெரால்டு அரைக்கை சட்டையோடு வெளியே வந்து வெடவெடவென்று நடுங்கினான். ஊட்டிக் குளிர். வாசலில் நின்ற அன்புசெல்வன் கையில் ஒரு ஸ்வெட்டரைப் பிடித்திருந்தான்.

"அங்கிருந்து வரவங்க எல்லாரும் இப்டிதான் வருவாங்கண்ணே. மொதல்ல போட்டுக்குங்க."

மறுநாள் முழுக்க அவனோடு இருந்தான். மூன்று பேராக ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு போக வேறு வீடு பார்த்துவைத்திருக்கிறான். அதையும் கூட்டிப்போய்க் காட்டினான். சமையலறையில் குழாய் ஒழுகியது. ஒழுகுகிறது என்று அவனே சொன்னான். ரசம் வைத்தான். அது ரசம் இல்லை, ஆனால் சூடாக இருந்தது.

"அண்ணே, சனிக்கிழமை ஒரு பீர் குடிப்பேன். சொல்லிடுங்க. பின்னாடி தெரிஞ்சு பேஜாராவக்கூடாது" என்றான். பிறகு தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டான். "அவங்க ஊட்ல எல்லாம் எப்டிண்ணே? நீங்க பக்கத்துலயே இருக்கறவராச்சே."

"கேட்டு வரைக்கும் தெரியும்."

"அப்டின்னா?"

"உள்ள போனது இல்ல தம்பி. எங்கப்பாவும் போனது இல்ல. கொல்லப் பக்கம் களம் வரைக்கும் போவாரு."

அன்புசெல்வன் குழாயை மூடிவிட்டு நின்றான். அந்தக் களத்துக்கும் ஜெரால்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாந்தோப்புதான். பையன் வீட்டைப் பார்க்க நாலாயிரம் கிலோமீட்டர் வந்துவிட்டான்.

ஊருக்கு வந்த மறுநாள் துளசிராமன் வீட்டுக்குப் போனான். வழக்கம்போல கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தான். நந்தினி வந்து கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வாங்கண்ணா."

ஹாலில் சோபாவில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் அது உள்ளே இழுத்தது. டீ வந்தது, அந்த வீட்டு ஆட்கள் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில். துளசிராமன் டம்ளரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், முட்டியைத் தடவிக்கொண்டார்.

ஜெரால்டு பார்த்ததைச் சொன்னான். உழைக்கிற பையன். பேச்சில் கள்ளம் இல்லை. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது. சனிக்கிழமை ஒரு பீர்.

"பீரா?" துளசிராமன் நிமிர்ந்தார். "வாராவாரம் போனியே, இத இத்தினி நாளா சொல்லவேயில்லியே!"

"சனிக்கிழமதான் குடிப்பாரு சார். நான் ஞாயித்துக்கிழமதான போவேன்."

நந்தினி சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பான். சோபாவின் சுகத்தில் ஜெரால்டுக்கு வாய் தளர்ந்தது.

"முதுகுதான் புட்டுக்கிச்சு சார். அஞ்சர மணி நேரம் அந்த சீட்டுல உக்காந்து..."

துளசிராமன் முட்டியைத் தடவுவதை நிறுத்தினார்.

"அஞ்சரையா? ரெண்டுன்னியே."

ஜெரால்டு டம்ளருக்குள் பார்த்தான். துளசிராமன் மெதுவாகக் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. முதலில் கோபம் வந்தது. "டேய்" என்று உதடு குவிந்தது. அதன் பின்னால் சம்பந்தி வீடு ஞாபகம் வந்தது. சொசைட்டி ஞாபகம் வந்தது. சலூனில் பாதி முகம் சோப்போடு எழுந்து நின்று, நைரோபி வீட்டுச் சமையலறை அகலத்தைக் கை விரித்துக் காட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இவன் போகவில்லை என்றால், இத்தனை நாள் பேசியது எல்லாம் யாருடைய பொய்?

"தம்பி" என்றார் குரலைத் தாழ்த்தி. "வெளிய எவனாவது கேட்டா ரெண்டுன்னே சொல்லு."

"சரி சார்."

"அப்பா, எனக்கு இந்த வரன் ஓகே" என்றாள் நந்தினி. "பீர் விஷயத்த நான் பேசிக்கறேன்."

ஆவணியில் மணவாள நகர் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஜெரால்டு லீவை நீட்டித்துக்கொண்டு சோனியாவோடு போயிருந்தான். துளசிராமன் பட்டு வேட்டியோடு அவன் தோளில் கைபோட்டு ஒவ்வொருவருக்கும் காட்டினார். "இவன்தான் போய்ப் பாத்தது. ரெண்டு மணி நேரம்!" ஜெரால்டு தலையாட்டினான். உடனே லுசாகாக்காரனின் மாமனார் வந்து மருமகனை ஒரு எட்டு பார்த்துவரச் சொன்னார்.

"அது முடியாதுங்க. தூரம். விசா வேணும். நான் போமாட்டேன்."

"ஆப்பிரிக்காவுல இருந்துக்கினு இதுகூட முடியாதா?" என்று அவர் சோனியாவைப் பார்த்து வருத்தப்பட்டார். சோனியா அவரோடு சேர்ந்து வருத்தப்பட்டாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முதல் பந்தியில் சம்பந்தி பார்க்கவேண்டும் என்பதற்காக துளசிராமன் ஜெரால்டைத் தன் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். ஜெரால்டு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். தேசப்பன் அந்தக் குடும்பத்து விசேஷங்களில் எல்லாரும் எழுந்துபோன பிறகு சாப்பிட்டவர். எது கொடுத்தாலும் நல்லா கீதுங்க ஐயா என்று சொன்னவர்.

"சாம்பார்ல உப்பு கம்மி சார்" என்றான் ஜெரால்டு.

துளசிராமன் அவனைத் திரும்பிப் பார்த்தார். எதிர் இலையில் சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், யாருப்பா அங்க? இந்த எலைக்கு உப்பு கொண்டா."

பரிமாறுகிறவர் உப்போடு ஓடிவந்தார். துளசிராமனும் ஒரு வாய் சாம்பாரை ருசித்துப் பார்த்துவிட்டு, தன் இலையிலும் கொஞ்சம் உப்பு போடச் சொன்னார்.